அகுவேரோ கோலுக்கு உங்க வீட்டுக்காரர் ஏன் இன்னும் கண்ணு கலங்குறார்

நீங்க கேட்டத நான் இப்படிப் புரிஞ்சுக்கிறேன். உங்க வீட்டுக்காரர் 2012ல இங்கிலாந்தோட மான்செஸ்டர் சிட்டி கால்பந்து டீமுக்காக அகுவேரோ கடைசி நேரத்துல போட்ட கோல இன்னும் போன்ல போட்டுப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்குது, மனுஷன் இங்கிலாந்து பக்கமே போனதில்ல. அந்த வீடியோல தெரியிற கூட்டமும் உங்களுக்கு ஜெயிச்சவங்க மாதிரி தெரியல, வாயக் கோணிக்கிட்டு அழறாங்க, முன்னபின்ன தெரியாதவனக் கட்டிப் புடிக்கிறாங்க, ஒண்ணு ரெண்டு பேர் அப்படியே சேர்ல சரிஞ்சு உக்காந்துட்டாங்க. இதெல்லாம் நிஜமா இல்ல கேமராவுக்காகவான்னு கேக்குறீங்க. கடைசியா போறபோக்குல ஒரு வரி, அவருக்கு பிபி இருக்கு, இந்த மாதிரி மேட்ச் பார்க்கலாமான்னு. எனக்கென்னவோ நீங்க கேக்க வந்ததே அந்த கடைசி வரிதான்னு படுது, ஆனா மத்தத சொல்லாம அதுக்கு பதில் சொன்னா வெறும் அட்வைஸா போயிரும்.

நான் மெடிக்கல் காலேஜ்ல பிசியாலஜி எடுக்கிறவன், பல வருஷமா முதல் வருஷப் பசங்களுக்கு நரம்பு, ஹார்மோன், இதயத் துடிப்பு இதைத்தான் சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன். இதய டாக்டர் இல்ல, மனநல டாக்டரும் இல்ல, அதனால உடம்பப் பத்தி சொல்றத கொஞ்சம் தைரியமாவும் மனசப் பத்தி சொல்றத கொஞ்சம் தள்ளி நின்னும் சொல்றேன். இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன், நான் மான்செஸ்டர் யுனைடெட் ஆளு. அதாவது அந்த கோல் யார் வயித்துல அடிச்சுதோ அந்தப் பக்கம். உங்க வீட்டுக்காரர் இதைப் படிச்சா சிரிப்பார், சிரிச்சிட்டுப் போகட்டும்.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாம அந்தக் கூட்டத்தோட முகம் புரியாது, அதனால சுருக்கமா சொல்லிடறேன். 2012 மே 13, ஞாயித்துக்கிழமை, நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிச்ச மேட்ச், இங்கிலாந்து பிரீமியர் லீக்கோட கடைசி நாள். சிட்டியும் யுனைடெட்டும் ஒரே பாயின்ட், கோல் வித்தியாசத்துல (போட்ட கோல்ல இருந்து வாங்கின கோலக் கழிச்ச கணக்கு) சிட்டி 8 கோல் முன்னாடி, அதனால யுனைடெட் ஜெயிச்சா கோப்பைக்கு சிட்டியும் ஜெயிச்சே ஆகணும். எதிர்ல யாரு, கியூபிஆர்னு ஒரு டீம், கீழ்ப் பிரிவுக்குப் போயிருமோன்னு பயந்துட்டு இருந்த டீம். சிட்டி அந்த சீசன் சொந்த மைதானத்துல ஒரு மேட்ச் கூட தோக்கல, ஒண்ணே ஒண்ணுதான் டிரா. அப்ப இது கண்ண மூடிக்கிட்டு ஜெயிக்க வேண்டிய மேட்ச். 39வது நிமிஷம் சபலேட்டா முதல் கோல் போட்டாச்சு, எல்லாம் சரியாப் போகுது, இடைவேளை முடிஞ்சு வந்த உடனே லெஸ்காட் தலையால தப்பாத் தட்டிவிட்ட பந்த எடுத்து சிசே கோலாக்கிட்டாரு, 1-1. கொஞ்ச நேரத்துல கியூபிஆர் கேப்டன் பார்ட்டன் டெவெஸ முழங்கையால இடிச்சு சிவப்பு அட்டை வாங்கி, வெளிய போறப்ப அகுவேரோவையும் ஒரு உதை உதைச்சிட்டுப் போனாரு. ஆக எதிராளிக்கு பத்து பேர்தான். அந்த பத்து பேர் 66வது நிமிஷத்துல இன்னொரு கோல் போட்டாங்க, மேக்கி தலையால அடிச்சது. 2-1, சிட்டி பின்னாடி. அதே நேரத்துல சண்டர்லாந்துல நடந்த யுனைடெட் மேட்ச்ல ரூனி 20வது நிமிஷத்துலயே கோல் போட்டு யுனைடெட் முன்னாடி.

இனிமே இருக்கிற இருபத்தஞ்சு நிமிஷத்தத்தான் நீங்க பார்க்கணும், கோல இல்ல. டிவில அடிக்கடி ரசிகர்களக் காட்டினாங்க, பெரிய பெரிய ஆளுங்க துண்டால வாயப் பொத்திக்கிட்டு அழறாங்க, சிலர் தாங்க முடியாம எந்திரிச்சு வெளியவே போயிட்டாங்க. 90 நிமிஷம் முடிஞ்சு அஞ்சு நிமிஷம் கூடுதல் நேரம் காட்டினாங்க, 92வது நிமிஷத்துல சில்வா அடிச்ச கார்னர ஜெகோ தலையால கோலாக்கினாரு, 2-2, அது பத்தாது. அதுக்குள்ள யுனைடெட் மேட்ச் முடிஞ்சிருச்சு, 1-0 ஜெயிச்சு பிளேயர்ஸ் எல்லாம் மைதானத்துலயே நின்னு அங்க என்னாச்சுன்னு காத்துட்டு இருக்காங்க, நானும்தான். 93 நிமிஷம் 20 செகண்ட், பலோட்டெல்லி கீழ விழுந்துக்கிட்டே காலால தட்டிவிட்ட பந்து அகுவேரோகிட்ட, ஒருத்தரத் தாண்டி உள்ள போயி வலது காலால ஒரு அடி. சட்டையக் கழட்டிச் சுத்திக்கிட்டு ஓடினாரு. அந்த நேரம் இப்ப அந்த ஊர்ல ஒரு பேராவே ஆயிருச்சு, மைதானத்துக்கு வெளிய அந்த நிமிஷத்தையே சிலையா வெச்சிருக்காங்க, 2022ல பத்தாம் வருஷத்துக்கு.

இப்ப என் பாடத்துக்கு வரேன். அகுவேரோ கோல் போடுறதுக்கு முன்னாடியே அந்தக் கூட்டத்தோட உடம்பு தோத்துப் போயிருச்சு. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதுக்கு விளக்கம். மேக்கி கோல் விழுந்த உடனே ரசிகனோட உடம்புல என்ன நடக்கும்னா, பரிவு நரம்பு மண்டலம், அதாவது ஆபத்துன்னா உடம்பத் தயார் பண்ற நரம்புகள், முழுசா முடுக்கப்படும், அட்ரினலின் ரத்தத்துல இறங்கும், துடிப்பு எகிறும், உள்ளங்கை வேர்க்கும், மயிர் கூச்செறியும், உக்காந்த இடத்துல இருந்துட்டே ஓடுறவன் உடம்பு மாதிரி ஆயிரும். ஓடினா அது செலவாகும், இவன் ஓடல, சேர்ல உக்காந்திருக்கான், எதையும் மாத்தவும் முடியாது. அட்ரினலின் ஒரு சில நிமிஷத்துல ரத்தத்துல இருந்து கரைஞ்சிரும், ஆனா கூடவே கார்டிசால்னு ஒரு ஹார்மோன் மெதுவா ஏறும், அது அதிர்ச்சி வந்து சுமார் இருபதுல இருந்து முப்பது நிமிஷம் கழிச்சுத்தான் உச்சத்துக்குப் போகும். 66வது நிமிஷத்துல இருந்து 93வது நிமிஷம் எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. அன்னிக்கு அந்த மைதானத்துல யாரும் உமிழ்நீர் எடுத்து கார்டிசால அளக்கல, அதனால அந்தக் கூட்டத்துக்கு இது அப்படியே நடந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா மனுஷ உடம்பு பொதுவா இந்தக் கணக்குலதான் ஓடும்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு.

அப்ப கோல் விழும்போது உடம்பு வெறும் நிலையில இல்ல, துக்கத்துக்காகக் கொதிச்சுப் போன நிலையில இருக்கு. டால்ஃப் சில்மன்னு ஒரு ஆய்வாளர் இதுக்கு ஒரு கோட்பாடே சொல்லி வெச்சிருக்காரு, ஒரு உணர்ச்சிக்காக உடம்பு கிளம்பின கிளர்ச்சி உடனே அடங்காது, அடுத்து வர்ற உணர்ச்சி, அது நேர் எதிரா இருந்தாலும், அந்த மிச்சக் கிளர்ச்சிய எடுத்துக்கிட்டு இன்னும் பலமா வெளிய வரும்னு. பயத்துக்கு ஏறின சூடு சந்தோஷத்துக்கு செலவாகுது. அதனாலதான் 3-0னு நிம்மதியா ஜெயிச்ச மேட்ச்ல கை தட்டிட்டு வீட்டுக்குப் போறோம், இந்த மாதிரி மேட்ச்ல தொண்டை கிழியுது. பரிசோதனைகள்ல இது ஓரளவு நல்லாவே நிக்குது, ஆனா எல்லா கூச்சலுக்கும் இதுவே காரணம்னு சொன்னா அது மிகை.

கண்ணீருக்கு வருவோம். கண்ணீர்ச் சுரப்பிய இயக்குறது பரிவு நரம்பு இல்ல, அதுக்கு எதிரா உடம்ப ஓய்வுக்குக் கூட்டிட்டுப் போற நரம்பு, இது உறுதியான உடற்கூறு. இதை வெச்சு சிலர் என்ன சொல்றாங்கன்னா, ஆபத்து முடிஞ்சதுன்னு மூளைக்குத் தெரிஞ்ச உடனே பிரேக் போடுற நரம்பு திடீர்னு மேல வருது, அதோட பக்க விளைவுதான் அழுகையும் கால் துவள்றதும்னு. கேக்க அழகா இருக்கு, என் பசங்களுக்கும் பிடிக்கும், ஆனா நிரூபணம் ஆனதுன்னு நான் வகுப்புல சொல்றதில்ல. இன்னொரு பக்கம், அமெரிக்காவுல ஓரியானா அரகோன்னு ஒருத்தர் 2015ல வெளியிட்ட ஆய்வு, தாங்க முடியாத அளவு சந்தோஷம் வந்தா மனுஷன் அதுக்கு எதிரான முகத்தக் காட்டுறான், அது உணர்ச்சிய சமனுக்குக் கொண்டு வர ஒரு வழியா இருக்கலாம்னு சொல்லுது. குழந்தை ரொம்ப அழகா இருந்தா கன்னத்தக் கிள்ளி 'கடிச்சிடுவேன்'னு சொல்றோம்ல, அதே ரகம்.

வாயக் கோணிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது உங்களுக்கு மட்டும் தோணினது இல்ல. 2012லயே, அதே வருஷம்தான், சயின்ஸ் பத்திரிகையில ஹில்லெல் அவிசெர் குழு ஒரு ஆய்வு போட்டாங்க. டென்னிஸ் ஆட்டக்காரங்க பெரிய பாயின்ட் ஜெயிச்ச, தோத்த நொடியில எடுத்த படங்கள ஜனங்ககிட்ட காட்டினாங்க. முகத்த மட்டும் வெட்டிக் காட்டினா இது ஜெயிச்சவனா தோத்தவனான்னு சொல்லவே முடியல, உடம்ப மட்டும் காட்டினா கரெக்டா சொல்லிட்டாங்க. உச்சத்துக்குப் போன உணர்ச்சிக்கு முகம் ஒண்ணுதான், வலிக்கும் அதுதான் வெற்றிக்கும் அதுதான். அதனால அது கேமராவுக்கான நடிப்பான்னா, இல்ல. நடிக்கிறவன் சிரிப்பான். கேமரா தன்மேல திரும்பினது தெரிஞ்சு கையாட்டுறவங்களப் பாருங்க, எல்லாரும் பல்லக் காட்டுவாங்க, யாரும் அந்த மாதிரி அசிங்கமா மூஞ்சிய வெச்சுக்க மாட்டாங்க.

கால்பந்துல மட்டும் ஏன் இவ்வளவு அப்படின்னு உள்ளூர ஒரு கேள்வி உங்ககிட்ட இருக்கும்னு நினைக்கிறேன். 2023 ஐபிஎல் ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன், ஜடேஜா சிக்ஸும் ஃபோரும் அடிச்சப்ப நம்ம தெருவே கத்துச்சு, அதுவும் இதே உடம்புதான், குறைச்சுச் சொல்லல. ஆனா கிரிக்கெட்ல ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ வந்துக்கிட்டே இருக்கும், இன்னும் எத்தனை பந்துன்னு தெரியும். கால்பந்துல ஒரு மேட்சுக்கு சராசரியா மூணு கோல் வந்தாலே பெருசு, மிச்ச நேரமெல்லாம் ஒண்ணும் கிடைக்காம காத்துட்டு இருக்கிறதுதான், முடிவு நேரமும் நடுவர் கையில. குரங்குகள வெச்சு வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் பண்ண ஆராய்ச்சி பிரபலம், எதிர்பார்த்த நேரத்துல ஜூஸ் கொடுத்தா மூளையில பரிசுக்குத் துடிக்கிற டோபமைன் செல்கள் பெருசா அசையாது, எதிர்பாராம கொடுத்தா படபடன்னு அடிக்கும். குரங்கு விஷயம் உறுதி, மனுஷ மூளையிலயும் அதே மாதிரி நடக்கிறதுக்கு நல்ல சான்று இருக்கு, ஆனா ஐம்பதாயிரம் பேர் நிக்கிற ஸ்டேடியத்துல அதைத் தனியாப் பிரிச்சு அளக்க வழி கிடையாது, அதனால 'டோபமைன் ஷாட்'னு யூடியூப்ல அடிச்சு விடுறவங்களக் கொஞ்சம் சந்தேகத்தோடயே கேளுங்க.

உடம்பு மட்டும் சொன்னா பாதிக் கதைதான். சிட்டி அதுக்கு முன்னாடி லீக் ஜெயிச்சது 1968ல, இடையில 44 வருஷம், அதுவும் அதே ஊர்ல யுனைடெட் கோப்பை மேல கோப்பையா வாங்கிட்டு இருக்கிறத ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே. 1999ல சிட்டி மூணாவது பிரிவுல ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்த வருஷம் மே 26 பார்சிலோனாவுல எங்க ஆளுங்க பேயர்ன் மியூனிக்க கூடுதல் நேரத்துல ரெண்டு கோல் போட்டு கவுத்து ஐரோப்பாவையே ஜெயிச்சாங்க, நாலே நாள் கழிச்சு மே 30, வெம்ப்ளியில சிட்டி ரெண்டாவது பிரிவுக்கு ஏறுறதுக்காக கில்லிங்காம்னு ஒரு சின்ன டீமோட ஆடுது, 0-2 பின்னாடி, 90வது நிமிஷம் ஒரு கோல், 95வது நிமிஷம் டிக்கோவ் இன்னொரு கோல், பெனால்டியில தப்பிச்சாங்க. (எதிர் கோல்கீப்பர் டிக்கோவ் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனா நின்னவர், அது தனிக் கதை.) அந்த மேட்ச்ல இருந்தவங்கள்ல நிறைய பேர் 2012லயும் அங்கதான் இருந்திருப்பாங்க. ஜெயிக்க வேண்டியத கடைசியில கோட்டை விடுறதுன்னா அதுக்கு அவங்களே 'வழக்கமான சிட்டி'ன்னுதான் சொல்லிப்பாங்க. 66வது நிமிஷத்துல அழுதவன் அந்த ஒரு மேட்சுக்காக அழல, இதுவும் நமக்கு இல்லைன்னு அப்பா காலத்துல இருந்து வந்த பழைய பாக்கிக்காக அழுதான். கிளப்ப 2008ல அபுதாபி பணம் வாங்கினதுக்கு அப்புறம் கிடைச்ச கோப்பைதானே, இதுல என்ன பெரிய துயரம்னு நாங்க யுனைடெட் ஆளுங்க பேசுவோம், அந்த விமர்சனத்துல நியாயமும் இருக்கு, ஆனா சேர்ல உக்காந்து அழுத அந்த ஆளு அபுதாபிக்காரர் இல்லையே.

தெரியாதவனக் கட்டிப் புடிக்கிறதப் பத்தி. கூட்டத்துல சேர்ந்தா மனுஷன் புத்திய இழந்துருவான்னு 19ம் நூற்றாண்டு கடைசியில பிரான்ஸ்ல லெ பான் எழுதினது இன்னும் சினிமா வசனமா சுத்திக்கிட்டு இருக்கு, துறைக்குள்ள இருக்கிறவங்க அத எப்பவோ விட்டுட்டாங்க. இப்ப பெரும்பாலும் ஏத்துக்கிட்டது என்னன்னா, புத்தி போகல, 'நான்' விரிஞ்சு 'நாங்க' ஆயிருது. 2005ல லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்துல மார்க் லெவின் குழு பண்ண சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அதுல மாட்டினது எங்க ஆளுங்கதான். யுனைடெட் ரசிகர்களான மாணவர்கள் நடந்து போற வழியில ஒருத்தன் ஓடி வந்து வழுக்கி விழுந்து கணுக்காலப் புடிச்சுக்கிட்டு முனகுவான். யுனைடெட் சட்டை போட்டிருந்தா பெரும்பாலும் எல்லாரும் ஓடி உதவினாங்க, லிவர்பூல் சட்டையோ சாதா சட்டையோ போட்டிருந்தா நிறைய பேர் தாண்டிப் போயிட்டாங்க. அப்புறம் அதையே, முன்னாடி கொஞ்ச நேரம் 'நீ ஒரு கால்பந்து ரசிகன்'னு பொதுவாப் பேச வெச்சிட்டு செஞ்சா, லிவர்பூல் சட்டைக்காரனுக்கும் உதவி கிடைச்சுது, சாதா சட்டைக்கு அப்பவும் இல்ல. சட்டை ஒண்ணு மாறினாலே அந்நியன் சொந்தக்காரன் ஆகிறான்னா, 93வது நிமிஷத்துல பக்கத்து சீட்டுக்காரன் கழுத்தக் கட்டிக்கிறதுல ஆச்சரியம் என்ன இருக்கு. இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அன்னிக்கு கியூபிஆர் தோத்தும் அவங்க ரசிகர்களும் குதிச்சாங்க, ஏன்னா அவங்களோட கீழ்ப் பிரிவு ஆபத்துல இருந்த போல்டன் டீம் ஸ்டோக்ல டிரா பண்ணினதால, கியூபிஆர் கீழ போகாம தப்பிச்சுட்டாங்க. சண்டர்லாந்துல இருந்த உள்ளூர்க்காரங்க, அவங்க டீம் தோத்துட்டு இருக்கு, சிட்டி ஜெயிச்ச சேதி வந்த உடனே யுனைடெட்ட வெறுப்பேத்துறதுக்காக முதுகத் திருப்பிக்கிட்டு தோள்ல கை போட்டு சிட்டிக்காரங்க மாதிரியே குதிச்சாங்க. எனக்கு அது இன்னும் ஆறல.

உங்க வீட்டுக்காரர் அங்க போனதில்லைன்னு சொல்றது ஒரு விஷயமே இல்ல. ஊரு வேணும்னு இந்த 'நாங்க'வுக்குக் கட்டாயம் இல்ல, வருஷக்கணக்கா கூட இருந்து தோத்திருந்தா போதும். முடிவு தெரிஞ்சும் ஏன் இன்னும் கலங்குறார்ங்கிறதுதான் எனக்கே சுவாரசியமான கேள்வி, இதுல அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து கிடையாது. பார்க்கிற நேரத்துல மனசு முடிவத் தள்ளி வெச்சிட்டு மறுபடி முதல்ல இருந்து காத்திருக்குதுன்னு ஒரு தரப்பு, அந்த வீடியோ அன்னிக்கு உடம்பு இருந்த நிலைய அப்படியே கிளறி எழுப்புதுன்னு இன்னொரு தரப்பு. நான் ரெண்டாவது பக்கம் சாய்றேன், என் சொந்த அனுபவத்துல எனக்கு அந்த கோலப் பார்த்தா இன்னிக்கும் வயித்தைப் பிசையுது. அவர்கிட்டயே கேளுங்க, அன்னிக்கு அவர் எங்க இருந்தார், கூட யார் இருந்தாங்கன்னு. பல பேருக்கு அழுகை அங்கதான் இருக்கும், கோல்ல இல்ல.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லணும், இப்ப வர்ற மேட்ச்கள்ல இந்த மாதிரி வெடிப்பு கொஞ்சம் குறைஞ்சு போச்சு. 2019 ஏப்ரல்ல அதே மைதானம், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, டாட்டன்ஹாம் எதிர்ல, கூடுதல் நேரத்துல ஸ்டெர்லிங் கோல், மைதானம் முழுக்க பைத்தியம் புடிச்ச மாதிரி, கோச் குவார்டியோலா ஓடுறாரு, அப்ப வீடியோ நடுவர் அகுவேரோ ஆஃப்சைடுன்னு சொல்லி கோல ரத்து பண்ணிட்டாங்க, சிட்டி வெளிய. அதை ஒரு தடவை அனுபவிச்சவன் அடுத்த கோலுக்குப் பாதி கத்திட்டு ஸ்கிரீனப் பார்க்கிறான். நியாயம் கூடியிருக்கு, நான் மறுக்கல, ஆனா உடம்புக்கு அந்த ஒரே நொடி திருப்பம் கிடைக்கிறதில்ல, ரெண்டு நிமிஷம் கழிச்சு வர்ற சந்தோஷம் வேற ரகம்.

சரி, பிபி. 2006 உலகக் கோப்பை சமயத்துல மியூனிக் பகுதியில பண்ணி 2008ல வெளியான பெரிய ஆய்வு ஒண்ணு இருக்கு, ஜெர்மனி ஆடின நாட்கள்ல இதய அவசர கேஸ்கள் சாதாரண நாட்களவிட 2.66 மடங்கு, ஆண்களுக்கு அதைவிட அதிகம், மேட்ச் ஆரம்பிச்ச முதல் ரெண்டு மணி நேரத்துலதான் உச்சம். 1998ல இங்கிலாந்து அர்ஜென்டினாகிட்ட பெனால்டியில தோத்த அன்னிக்கும் அடுத்த ரெண்டு நாளும் அங்க மாரடைப்பு அட்மிஷன் 25 சதவீதம் கூடினதா இன்னொரு ஆய்வு. ஆனா இத்தாலியில பல போட்டிகள வெச்சு பார்த்தப்ப அப்படி ஒரு ஏற்றமே தெரியல. ஆக எல்லாருக்கும் ஆபத்துன்னு சொல்ல முடியாது, ஏற்கெனவே இதயக் குழாய் நோய் இருக்கிறவங்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேணும்ங்கிறது மியூனிக் கணக்குலயே தெரியுது. பிபி மட்டும், அதுவும் மாத்திரையில கட்டுக்குள்ள இருந்தா, மேட்ச் பார்க்காதன்னு நான் சொல்ல மாட்டேன். அவரோட அளவு எனக்குத் தெரியாம அதுக்கு மேல சொல்றது தப்பு, அடுத்த தடவை டாக்டரப் பார்க்கிறப்ப 'இவர் மேட்ச்ல ரொம்ப டென்ஷன் ஆவார்'னு நீங்களே ஒரு வார்த்தை போட்டுடுங்க, அவர் சொல்ல மாட்டார். மேட்ச் அன்னிக்கு மாத்திரைய விடக்கூடாது, சிகரெட்டும் தண்ணியும் அன்னிக்குத்தான் கூடும், அதைக் கொஞ்சம் பாருங்க, சாம்பியன்ஸ் லீக்னா நடுராத்திரியில நடக்கும், மறுநாள் லீவு போட்டு தூங்கட்டும். நெஞ்சு இறுக்கம், இடது கை இல்ல தாடைக்கு ஏறுற வலி, காரணமில்லாம வேர்வை, மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் கேஸ் டிரபிள்னு அவர் சொல்வார், நம்பாதீங்க, உடனே 108க்கு அடிங்க, பெனால்டி ஷூட் அவுட் நடந்துக்கிட்டு இருந்தாலும்.